கணக்கும் கையிருப்பும்: பல்கலைக்கழகப் பிள்ளைகளின் கடனட்டைக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடனட்டை பற்றியவை. கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்தும் வவுனியா பம்பைமடுவிலிருந்தும் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கவலைப்படும் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். உரமானியம், காணி உறுதி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசுவமடுவில் நெல் செய்கிறார். எனக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கிறது. படிப்புக்கு மடிக்கணினி தேவை. விலை இரண்டு இலட்சம் ரூபா வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணா தன் கடனட்டையில் எனக்கு ஒரு துணை அட்டை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வட்டியில்லாத பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கி, அறுவடை முடிந்ததும் அப்பா கட்டுவார் என்பது திட்டம். எடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன்: “அறுவடை முடிந்ததும் அப்பா கட்டுவார்.”

இரண்டு இலட்சத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 16,667 ரூபா. அது ஒவ்வொரு மாதமும், ஒரே திகதியில், தவறாமல் கட்டப்பட வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பணம் வருவதோ மாசி, பங்குனியில் ஒரு தடவை; இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகத்துக்கு உங்கள் வயலுக்கும் பங்கு கிடைத்தால் ஆவணி, புரட்டாதியில் இன்னொரு தடவை. அந்தப் பணம் வந்த உடனேயே உழவு இயந்திரக்காரருக்கும், அறுவடை இயந்திரத்துக்கும், பசளைக் கடைக்கும் போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் அறுப்பதால் நெல்லின் விலையும் அப்போதுதான் விழுந்து கிடக்கும். மாத வருமானம் உள்ளவர்களுக்காக அமைக்கப்பட்ட ஒரு கடனை, போகத்துக்குப் போகம் வாழும் குடும்பம் தலையில் ஏற்றிக்கொள்கிறது. வன்னியில் நான் கண்ட கடன் துன்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் தொடங்கின. ஊதாரித்தனத்தால் கெட்ட குடும்பங்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

உங்கள் மகாபொலவைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். 2025 சித்திரையில் அது மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. அதில் சாப்பாடும் பஸ் காசும் போக மீதி என்ன இருக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பணம் எப்போதும் மாதக் கணக்கில் நேரத்துக்கு வந்து விழுவதுமில்லை.

ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்? வட்டியில்லாத் தவணை என்ற சலுகை, வங்கி மாதந்தோறும் அனுப்பும் கணக்குக் கூற்றில் வரும் தொகையை உரிய திகதிக்குள் கட்டுபவருக்கு மட்டும்தான். தவறிய தொகை அட்டையின் சாதாரண வட்டிக்குள் போய்விடும். தாமதக் கட்டணமும் சேரும். அத்தனையும் உங்கள் அண்ணாவின் பெயரில். துணை அட்டையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் வங்கிக்குப் பொறுப்பாளி அவர்தான்.

ஆகவே நான் சொல்வது இதுதான். துணை அட்டை வேண்டாம். மடிக்கணினி ஒரு தடவை வாங்கும் பொருள்; அதற்காக வருடக் கணக்கில் ஒரு கடனட்டை உங்கள் சட்டைப் பையில் இருக்கத் தேவையில்லை. அண்ணா விரும்பினால் தன் அட்டையில் தானே வாங்கித் தரட்டும். ஆனால் அதற்கு முன் அவரிடம் நேரடியாக ஒரு கேள்வி கேளுங்கள்: “அப்பாவின் நெல் இந்த முறை வெள்ளத்தில் போனாலும், உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 16,667 ரூபாவைக் கட்ட முடியுமா?” முடியும் என்றால் வாங்கலாம். அப்பா அண்ணாவுக்குத் திருப்பிக் கொடுப்பதை அறுவடையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, மூன்று பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். சகோதரர்களுக்கிடையில் எழுத்து எதற்கு என்று அப்பா சொல்லக்கூடும். எழுதிவைத்த கடனால் பிரிந்த சகோதரர்களை நான் கண்டதில்லை.

அண்ணா தயங்கினால், அவரை வற்புறுத்தாதீர்கள். பாவித்த மடிக்கணினி ஒன்றை, விடயம் தெரிந்த மூத்த மாணவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊரில் ஒழுங்காக இயங்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இருந்தால், அப்பா அங்கத்தவராக இருந்தால், அறுவடையில் திருப்பிக் கட்டும் வகையில் கடன் தருவார்களா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் கணக்கு எழுதியவள் நான். வயலின் கணக்கு அங்கிருப்பவர்களுக்குப் புரியும்.

தவணையில் வாங்குவது என்று முடிவானால், கடைக்காரரிடம் அல்ல, அண்ணாவின் வங்கியிடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். வட்டியில்லை என்றாலும் கையாளும் கட்டணம் எவ்வளவு? ஒரு தவணை தவறினால் திட்டம் முழுவதும் இரத்தாகுமா? முன்கூட்டியே முடித்தால் தண்டம் உண்டா? இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே மடிக்கணினியைக் கைக்காசுக்கு வாங்கினால் என்ன விலை என்று கடையில் விசாரியுங்கள். விலையில் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி.

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். கணவர் இல்லை. தையல் வேலை செய்து மகளை வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். முன்பு குழுக்கடன் எடுத்து வாராவாரம் கட்ட முடியாமல் நான் பட்டபாடு அவளுக்குத் தெரியும். இப்போது அவள் கடனட்டை பற்றிப் பேசுகிறாள். தோழி ஒருத்தியிடம் இருக்கிறதாம். எனக்கு நித்திரை வருவதில்லை. வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிடட்டுமா?

பதில்: தங்கச்சி, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009க்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வன்னியின் மண்பாதைகளுக்குள்ளெல்லாம் வந்தன. ஐந்து பெண்கள் சேர்ந்தால் கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பொறுப்பு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர்! வசூலிக்க வருபவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர்! நிலைமை அவ்வளவு முற்றிய பிறகுதான் 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்ற கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த தாய் ஒருத்தி கடன் என்ற சொல்லைக் கேட்டு நித்திரை இழப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் தடுத்துவிடாதீர்கள். பேசுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் கடனைப் பற்றிப் பேச முடியாத பிள்ளைகள் கைத்தொலைபேசிச் செயலிகளிடம் போகிறார்கள். அடையாள அட்டையின் படமும் தொலைபேசியில் உள்ள இலக்கங்களைப் பார்க்கும் அனுமதியும் கொடுத்தால் சில நிமிடங்களில் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபா வருகிறது. திருப்பிக் கட்டும் காலம் மிகக் குறுகியது, செலவு மிகப் பெரியது. தவறினால் பிள்ளையின் தோழிகளுக்கும் விரிவுரையாளருக்கும்கூட அழைப்பு எடுத்து அவமானப்படுத்துகிறார்கள். இதோடு ஒப்பிட்டால், வங்கிக் கடனட்டைக்குச் சட்டமும் ஒழுங்கும் முறைப்பாடு செய்ய இடமும் உண்டு.

உங்கள் மகளுக்குச் சொந்த வருமானம் இல்லாதவரை பொதுவாக வங்கி அவளுடைய பெயரில் கடனட்டை கொடுக்காது. எனவே தோழியிடம் இருப்பது பெரும்பாலும் பெற்றோரின் துணை அட்டையாகவோ, நிலையான வைப்பை ஈடு வைத்துப் பெற்ற அட்டையாகவோ இருக்கும். அல்லது அது வெறும் டெபிட் அட்டையாக இருக்கும். கடனட்டையும் டெபிட் அட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் பிள்ளைகளே மாறிச் சொல்கிறார்கள். மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எதற்காக வேண்டும்?” இணையத்தில் பாடநெறிக்குக் கட்டணம் கட்டவும், புத்தகம் வாங்கவும் என்றால், அவளுடைய சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டையே போதும். கணக்கில் உள்ளதற்கு மேல் அதில் செலவழிக்க முடியாது. சில வங்கிகளில் இணையக் கொடுப்பனவுக்கு அதைத் தனியாகச் செயற்படுத்த வேண்டும். வவுனியா நகரிலுள்ள கிளைக்குப் போய் அவளே கேட்கட்டும்.

அவள் படித்து முடித்து வேலைக்குப் போனதும் கடனட்டை எடுப்பாள். எடுக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் எடுத்தால் அதைப் பயமின்றி நடத்தும் அறிவு அவளுக்கு இருக்க வேண்டும். உங்கள் தையல் வரவு செலவுக் கொப்பியை இப்போதே அவளுக்குக் காட்டுங்கள். குழுக்கடனில் எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று இருவரும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கை அவள் எந்த விரிவுரையிலும் படிக்க முடியாது.

கேள்வி: வவுனியாவில் பகலில் ஒரு கடையில் கணக்காளராக வேலை செய்துகொண்டு, மாலையில் உயர் டிப்ளோமா படிக்கிறேன். சம்பளம் 48,000 ரூபா. கடனட்டையில் இப்போது கடன் ஓர் இலட்சம். ஒவ்வொரு மாதமும் ஆகக் குறைந்த தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். ஆனால் கடன் குறைவதாகவே தெரியவில்லை. வங்கி ஏமாற்றுகிறதா?

பதில்: மகள், வங்கி ஏமாற்றவில்லை. ஆகக் குறைந்த தொகை என்பது உங்கள் பெயரைக் கெடாமல் வைத்திருக்கும் தொகை. கடனைத் தீர்க்கும் தொகை அன்று. நீங்களே கணக்காளர், ஆகவே கணக்காகவே காட்டுகிறேன்.

கடனட்டை வட்டி காலத்துக்குக் காலம் மாறும். 2022 நெருக்கடியின்போது 36 சதவீதம் வரை போனது. 2023 ஆவணியில் மத்திய வங்கி 28 சதவீதத்தை உச்ச வரம்பாக விதித்தது. உங்கள் கூற்றின் அடியில் இன்றைய வீதம் அச்சிடப்பட்டிருக்கும், பாருங்கள். கணக்குக்காக ஆண்டுக்கு 28 சதவீதம் என்றும், ஆகக் குறைந்த தொகை 5 சதவீதம் என்றும் எடுத்துக்கொள்வோம். இனி அட்டையில் ஒன்றுமே வாங்குவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் ஏறத்தாழ 2,330 ரூபா வட்டி ஏறும். நீங்கள் கட்டும் ஐயாயிரத்துச் சொச்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அதற்கே போய்விடும். இப்படி ஓராண்டு முழுவதும் ஆகக் குறைந்ததை மட்டும் கட்டினால், உங்கள் கையிலிருந்து 53,000 ரூபா அளவில் போயிருக்கும். கடனோ 71,000 ரூபாவில் நிற்கும். ஏறத்தாழ 24,000 ரூபா வட்டி. கடன் குறையக் குறைய ஆகக் குறைந்த தொகையும் குறைந்துகொண்டே போவதால், முடிவு ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போகும்.

அதே கடனுக்கு மாதம் 10,000 ரூபா என்று நிலையாகக் கட்டினால், பன்னிரண்டாம் மாதத்தில் முடிந்துவிடும். மொத்த வட்டி 15,000 ரூபா அளவுதான்.

48,000 சம்பளத்தில் பத்தாயிரம் என்பது கடினம், மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டுக்கு அதைச் செய்து முடியுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். சம்பளம் வரும் நாளிலேயே கட்டிவிடுங்கள், இறுதித் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அட்டையை வீட்டில் பூட்டி வையுங்கள். கைத்தொலைபேசியில் எந்தெந்தக் கடைச் செயலியில் அட்டை இலக்கத்தைச் சேமித்தீர்களோ, அங்கெல்லாம் அழித்துவிடுங்கள். பிறகு கிளைக்குப் போய், நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல வங்கிகள் செய்வதுண்டு. வெட்கப்படாதீர்கள், கட்டும் மனமுள்ளவர் நேரில் வந்து கேட்பதை எந்த நல்ல முகாமையாளரும் மதிப்பார்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கையில் காசு இல்லை என்று கடனட்டையை ஏ.ரி.எம். இயந்திரத்தில் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் அதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

கடன் முடிந்த பிறகு அட்டையை வைத்திருப்பதா என்று நீங்களே தீர்மானிக்கலாம். வைத்திருந்தால், கூற்றில் வரும் முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டுங்கள். 40,000 ரூபா கூற்றுக்கு 38,000 கட்டிவிட்டு, இரண்டாயிரத்துக்குத்தானே வட்டி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பல வங்கிகளின் நிபந்தனைப்படி, முழுவதும் கட்டாவிட்டால் வட்டியில்லாச் சலுகையே போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி கணக்கிடப்படும். கூற்றுத் தயாராகும் திகதியையும் தெரிந்துவைத்திருங்கள். அது பத்தாம் திகதி என்றால், ஒன்பதாம் திகதி வாங்கியதற்கு இந்த மாதக் கூற்றிலேயே கட்ட வேண்டும்; பதினொன்றாம் திகதி வாங்கியதற்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கும்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கடையில் அட்டையால் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். இது முறையா? (கல்வியியற் கல்லூரி மாணவி)

பதில்: முறையன்று. அட்டை இயந்திரம் பெறும்போது கடைக்காரர் வங்கியோடு செய்யும் ஒப்பந்தத்துக்கே அது எதிரானது என்று மத்திய வங்கி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அட்டை கொடுத்த வங்கிக்கு முறைப்பாடு செய்யுங்கள்.

கேள்வி: சித்தப்பாவின் லீசிங் கடனுக்கு நான் பிணையாளியாகக் கையெழுத்திட்டேன். அவர் இப்போது கட்டவில்லை. என் பெயர் “கிரிப்பில் விழுந்துவிட்டது”, இனி அரசாங்க வேலையும் கிடைக்காது, எந்த வங்கியும் பக்கத்தில் சேர்க்காது என்கிறார்கள். இறுதி ஆண்டில் இருக்கிறேன். உண்மையா?

பதில்: தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். கிரிப் என்று ஊரில் சொல்வது, 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். யார் எவ்வளவு கடன் பெற்றார், எப்படிக் கட்டினார் என்ற பதிவை வங்கிகளிடமிருந்து திரட்டி வைத்திருக்கும் இடம் அது. கறுப்புப் பட்டியல் எழுதும் இடமல்ல. ஒழுங்காகக் கட்டியவரின் நல்ல பதிவும் அங்கேதான் இருக்கிறது. அரசாங்க வேலைக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு உங்களைப் பயமுறுத்தியவர்கள் சொன்னதை விட்டுவிடுங்கள்.

ஆனால் நாளை நீங்கள் கடனட்டைக்கோ வீட்டுக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது வங்கி அந்த அறிக்கையைப் பார்க்கும், நீங்கள் பிணை நின்ற கடனும் அதில் தெரியும். உங்கள் சொந்த அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்துப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவோடு இருந்து பேசுங்கள். நிறுவனத்தோடு தவணையை மீளமைக்க இருவருமாகப் போவது நல்லது. நிறுவனத்தோடு பிணக்கு வந்தால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி யாருக்கும் பிணை நிற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கொருவர் பிணை நின்றுதான் நம் ஊர்கள் மீண்டும் எழுந்தன. ஆனால் கையெழுத்திடும் முன், அந்தக் கடன் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டி வந்தால் கட்டுவீர்களா என்று உங்களையே கேளுங்கள். படிக்கும் பிள்ளையிடம் அப்படிக் கையெழுத்துக் கேட்பதைப் பெரியவர்களும் நிறுத்த வேண்டும். இதைச் சித்தப்பாமார் வாசிப்பார்கள் என்று நம்பியே எழுதுகிறேன்.

கேள்வி: கனடாவில் உள்ள மாமா, தன் கடனட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, தேவையான புத்தகங்களை இணையத்தில் வாங்கச் சொன்னார். பாவிக்கலாமா? (முல்லைத்தீவு மாணவி)

பதில்: அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடுங்கள் மகள், மாமாவையும் தன் தொலைபேசியில் அழிக்கச் சொல்லுங்கள். அட்டை இலக்கம், முடிவுத் திகதி, பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கங்கள் ஆகிய மூன்றும் இருந்தால் எத்தனையோ இணையத்தளங்களில் யாரும் வாங்கலாம். உங்கள் தொலைபேசி தொலைந்தால் நட்டம் மாமாவுக்கு. தன் அட்டை விவரங்களைத் தானே பகிர்ந்தவர் என்பதால், வங்கி அந்த நட்டத்தை ஏற்க மறுக்கவும் கூடும். நீங்கள் வாங்க முயலும்போது உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கமும் அவருடைய தொலைபேசிக்கே போகும். அதை உங்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டால், நாளை வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு மோசடிக்காரன் கேட்கும்போதும் அவர் சொல்லிவிடக்கூடும்.

புத்தகப் பட்டியலையும் உங்கள் முகவரியையும் மாமாவுக்கு அனுப்புங்கள். அவரே அங்கிருந்து வாங்கி அனுப்பலாம். அல்லது அந்தத் தொகையை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, உங்கள் டெபிட் அட்டையால் நீங்களே வாங்குங்கள்.